டவுன்ஸ் வீட்டுக்குப் போகாத நாட்கள்

முதல் நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற வீடியோ கேம் ஆட்டத்துக்குள் நான் சுற்றிய ஊர்களின் நாட்குறிப்பு. ஆட்டம் வந்தது 2018 அக்டோபரில்; கணினிக்கு வந்தது 2019 நவம்பரில். இத்தனை வருடம் கதை தெரியாமல் தப்பித்து, இனிமேல்தான் ஆடப்போகிறேன் என்று இருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடுவது நல்லது. முடிவு தெரிந்தவன் எப்படி ஆடுகிறான் என்பதுதான் இங்கே விஷயமே.

முதல் தடவை ஆடியபோது கதையைத் துரத்திக்கொண்டே ஓடினேன். மலை இருந்தது, ஆறு இருந்தது, எருமைக் கூட்டம் இருந்தது. நான் பார்த்ததெல்லாம் திரையின் இடது மூலையில் இருக்கும் மினிமேப் என்ற வட்டமான குட்டி வரைபடத்தையும் அதில் ஓடும் வழிக்கோட்டையும்தான். இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு, எந்த ஊர் எந்தத் திசையில் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இந்தத் தடவை எனக்கு நானே இரண்டு விதி போட்டுக்கொண்டேன். மினிமேப்பை அணைத்துவிட வேண்டும். நொடியில் ஊர் தாண்டவைக்கும் ஃபாஸ்ட் டிராவல் கூடாது. எங்கே போவதானாலும் குதிரைமேல்தான்.

ஆட்டத்தை நிறுவக் கணினி 150 ஜிபி இடம் கேட்டது. பழைய ஆட்டங்கள் நான்கை அழித்துக் கொடுத்தேன்.

கதை 1899-ல் தொடங்குகிறது. பிளாக்வாட்டர் என்ற ஊரில் ஒரு கொள்ளை பிசகிப்போய், டச் வான் டெர் லிண்டின் கும்பல் பனிமலைக்குத் தப்பி ஓடுகிறது. நாம் ஆர்தர் மார்கன். அந்தக் கும்பலின் அடியாள், டச் சிறுவயதிலிருந்து வளர்த்தவன். இந்த முதல் அத்தியாயத்தில் நம் இஷ்டத்துக்கு எங்கும் போக முடியாது. கயிற்றில் கட்டிய கன்று மாதிரி, முளையைச் சுற்றித்தான் மேய்ச்சல். பலர் இந்த இடத்தை அலுப்பு என்பார்கள். எனக்குப் பிடிக்கும், ஒரே காரணத்துக்காக: பனியில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முழங்கால் ஆழத்துக்கு உழுதுவைத்ததுபோல் நாம் வந்த தடம் அப்படியே கிடக்கிறது.

இரண்டாம் நாள்

பனி உருகியது. வண்டிகள் மலையிறங்கி, ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் என்ற மேட்டில் கும்பல் கூடாரம் போட்டது. கயிறு அவிழ்ந்தது. இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

நான் எங்கும் போகவில்லை. மேட்டின் விளிம்பில் போய் நின்றேன். கீழே டகோட்டா ஆறு, அதன் மேல் மூடுபனி. மினிமேப் இல்லாத திரை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. பின்னால் யாரோ கோடரியால் விறகு பிளக்கிறார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடித்தேன். இதற்கு முன் இந்த ஆட்டத்தில் காதை வைத்து நான் எதையும் கண்டுபிடித்ததில்லை.

அப்புறம் ஸ்ட்ராஸ் கூப்பிட்டான்.

லியோபோல்ட் ஸ்ட்ராஸ், கும்பலின் கணக்குப்பிள்ளை. ஏழைகளுக்கு வட்டிக்குக் கொடுப்பான். வசூலிக்க ஆர்தரை அனுப்புவான். கணக்குப் புத்தகத்திலிருந்து பெயர்களை வாசிப்பான். அதில் ஒரு பெயர் தாமஸ் டவுன்ஸ்.

தெரியாதவர்களுக்காக. டவுன்ஸ் ஒரு சிறு விவசாயி, நோயாளி. ஆர்தர் போய் அவரை அடிப்பான். அடிபடும்போது அவர் இருமுவார். இருமலோடு வந்த ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கும். அவ்வளவுதான், காட்சி முடிந்துவிடும். எத்தனையோ மணி நேரம் ஆடிய பிறகுதான் ஆர்தர் இருமத் தொடங்குவான். காசநோய். அந்தக் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே அடையாளம் காட்டிவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது 1943-ல். இடையில் மாட்டிக்கொண்டவர்களில் ஆர்தரும் ஒருவன்.

முதல் தடவை ஆடியபோது இது எனக்குத் தெரியாது. போனேன், அடித்தேன், ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த மிஷனுக்கு, அதாவது கதை கொடுக்கும் அடுத்த வேலைக்கு, குதிரையைத் திருப்பினேன்.

கதை நகர வேண்டுமானால் இந்த மிஷனைத் தவிர்க்க வழியே இல்லை. ஆனால் இன்றைக்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாளைக்குப் போகலாம். அடுத்த மாதம் போகலாம். போகாதவரை ஆர்தரின் நுரையீரல் சுத்தம்.

சரி, அப்போது ஊர் சுற்றுவோம் என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள்

இன்று ஹோசியாவுடன் வேட்டை. கும்பலில் எனக்குப் பிடித்த கிழவர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். மினிமேப் இல்லாததால் அவர் குதிரையின் வாலைப் பார்த்தபடியே போனேன். பேச்சும் இந்தத் தடவைதான் முழுசாகக் காதில் விழுந்தது. பிரதான கதைக்கான எழுத்துப்படி மட்டும் இரண்டாயிரம் பக்கம் இருக்கும் என்று ஆட்டத்தை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதில் முக்கால்வாசி குதிரை முதுகில் பேசியதாகத்தான் இருக்கும்.

தேடிப்போனது ஒரு பெரிய கரடியை. ஓக்ரேஸ் ரன் ஏரிக்கரையில் இருக்கிறது. அந்தக் கரடியின் பெயர் என்ன தெரியுமா? பாரதி. 'பாரதி கிரிஸ்லி' என்றுதான் ஆட்டத்தில் போட்டிருக்கிறது. ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முதல் தடவை பெயரைக் கவனிக்காமல் சுட்டிருக்கிறேன். இந்தத் தடவை புதரை விலக்கிக்கொண்டு அது எழுந்து நின்றபோது, அச்சமில்லை என்று வாய்வரை வந்தது. அடுத்த நொடியே ஆர்தர் தரையில் கிடந்தான்.

சுடவில்லை. ஹோசியாவோடு முகாமுக்குத் திரும்பிவிட்டேன். பாரதி ஏரிக்கரையில் நலமாக இருக்கிறார்.

ஐந்தாம் நாள்

நேற்று எழுத நேரமில்லை. நேற்றும் இன்றும் ஒரே வேலை: வெள்ளைக் குதிரை.

வடமேற்கே பனிமலைகளுக்கு நடுவில் இசபெல்லா ஏரி. அதன் கரையில் வெள்ளை நிற அரபுக் குதிரை ஒன்று காட்டுத்தனமாக மேய்கிறது என்பது ஆடுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். முதல் தடவை எனக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கக்கூட நேரமில்லை.

நேற்று வழி தவறினேன். தடித்த கோட்டு எடுத்துவர மறந்துவிட்டேன். குளிரில் ஆர்தரின் உடல்நிலை சொட்டுச் சொட்டாகக் குறையும். கையில் இருந்ததை எல்லாம் தின்னக் கொடுத்துக்கொண்டே போனேன். எந்த மலையைப் பார்த்தாலும் ஒரே மாதிரி வெள்ளை. ஒரு ஓடையைப் பிடித்து மேலே ஏறினால் ஏரி வந்துவிடும் என்று ஏறினேன். பாறைச் சுவர்தான் வந்தது. பிறகு ஓநாய்கள் வந்தன. விடிந்ததும் பார்த்தால், ஏரிக்கு அடுத்த மடிப்பில்தான் இவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று கோட்டோடு போனேன். ஏரி உறைந்து கிடந்தது. குதிரையை முதலில் காணவில்லை. வெள்ளை மேல் வெள்ளை. அதன் நிழல் நகர்ந்த பிறகுதான் குதிரை என்று தெரிந்தது.

பிடிக்கும் முறை இது. என் குதிரையைத் தள்ளி நிறுத்திவிட்டு, நடந்து போக வேண்டும். குதிரை தலையைத் தூக்கிக் காதை விறைத்தால் நின்றுவிட வேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் ஆர்தர் தாழ்ந்த குரலில் அதைச் சமாதானப்படுத்துவான். அது மறுபடி தலை குனிந்ததும் நாலு அடி. மறுபடி நில். நான் ஆறு அடி வைத்தேன், ஓடிவிட்டது. இருட்டிய பிறகு திரும்பி வந்தது. இரண்டாவது முயற்சியில் பக்கத்தில் போய்விட்டேன். கழுத்தில் கை வைக்கப் போகும்போது எங்கோ ஓநாய் ஊளையிட்டது. மறுபடி ஓட்டம்.

மூன்றாவது தடவை கன்ட்ரோலரின் குச்சியைக் கட்டைவிரல் நுனியால் மட்டும் தொட்டேன். ஆர்தர் பூனைபோல் நகர்ந்தான். ஏறி உட்கார்ந்ததும் அது முதுகை வளைத்து உதற, அது சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குச்சியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அடங்கியபோது அதன் மூக்கிலிருந்து ஆவி புகைந்துகொண்டிருந்தது. உள்ளங்கை வியர்த்திருந்தது எனக்குத்தான்.

'வெள்ளை' என்றே பெயர் வைத்தேன். வேறென்ன வைக்க.

இவ்வளவுக்கும் மிஷன் கிடையாது, பரிசு கிடையாது, யாரும் அனுப்பவும் இல்லை. அந்தக் குதிரை அங்கே மேய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆறாம் நாள்

முகாமிலேயே இருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் ஆர்தருக்குத் தாடி மண்டிவிட்டது. இந்த ஆட்டத்தில் நாம் மழிக்காவிட்டால் முடி தானாக வளரும். வெளியே இரண்டு வினாடி போனால் அங்கே ஒரு நிமிடம். 48 நிமிடத்தில் ஒரு முழுநாள் முடிந்துவிடும். நான் தள்ளிப்போட்ட நாட்களெல்லாம் அந்தத் தாடியில் இருக்கின்றன.

ஆர்தரும் நாட்குறிப்பு எழுதுகிறான். பையிலிருந்து எடுத்துப் புரட்டினேன். போன இடங்களைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறான். பேச்சில் முரடன், கோடு போடுவதில் அவ்வளவு நிதானம். அதைப் பார்த்த பிறகு நான் எழுதுவது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது.

ஏழாம் நாள்

ஸ்ட்ராஸின் மற்ற கடன்காரர்களிடம் வசூலித்துவிட்டேன். அவற்றையாவது முடித்தால் ஏதோ வேலை செய்த மாதிரி இருக்குமே என்றுதான். அதில் ரோபல் என்று ஒரு போலந்துக்காரர். ஆங்கிலம் தெரியாது. ஆர்தர் வீட்டைக் குடைந்து விலைபோகும் சாமானை எடுக்கிறான். அவர் தன் மொழியில் என்னவோ கெஞ்சுகிறார். எடுத்துக்கொண்டு வந்தேன். மிச்சம் ஒரே பெயர்.

இப்படித் தள்ளிப்போடுவது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. கதையும் திறந்த உலகமும் சேர்ந்த எந்த ஆட்டத்திலும் இந்த வேடிக்கை உண்டு. 2015-ல் வந்த 'தி விட்சர் 3'-ல் ஜெரால்ட் தன் வளர்ப்பு மகளைத் தேடிப் போகிறான். அவளைத் துரத்துவது பேய்க்கூட்டம். நாமோ வழியில் இருக்கும் ஒவ்வொரு சத்திரத்திலும் உட்கார்ந்து குவென்ட் சீட்டு ஆடுவோம். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' (2017) ஆட்டத்தில் இளவரசி நூறு வருடமாக ஒரு அரக்கனைத் தனியாகக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறாள். நாம் மலை மலையாக ஏறிக் காளான் பறித்துக்கொண்டிருப்போம். நூறு வருடம் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுக்கமாட்டாளா என்ற தைரியம்.

காத்திருக்காத ஆட்டங்களும் உண்டு. 1997-ல் வந்த முதல் 'ஃபால்அவுட்' நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கான ஒரு சில்லைக் கண்டுபிடிக்க 150 நாள் கெடு வைத்தது. 'மஜோராஸ் மாஸ்க்' (2000) ஆட்டத்தில் மூன்றாம் நாள் முடிவில் நிலா ஊர்மேல் விழுந்துவிடும். தப்பிக்கக் காலத்தைப் பின்னால் திருப்பி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அவற்றை ஆடும்போது நான் எதையும் ரசித்ததாக நினைவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான ஆட்டங்கள் கெடு வைப்பதை விட்டுவிட்டதற்கு என்னைப் போன்றவர்கள்தான் காரணமாக இருக்கும்.

எட்டாம் நாள்

மேற்கே போகப் பார்த்தேன். விடவில்லை.

வரைபடத்தில் பிளாக்வாட்டர் தெரிகிறது, வேலி எதுவும் இல்லை. ஆனால் கொள்ளை நடந்த ஊர் அது. ஆர்தரின் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள். சமவெளிக்குள் கொஞ்ச தூரம் போனதுமே ஆட்கள் துரத்தத் தொடங்கிவிட்டார்கள். அதற்கும் அப்பால் நியூ ஆஸ்டின் என்று ஒரு பெரிய பாலைவனமே இருக்கிறது. அங்கே ஆர்தர் கால் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து குண்டு வந்து ஆள் காலி.

வரைபடத்தில் சுவர் கட்டினால் திட்டுவோம் என்று, சுவரைக் கதையாலேயே கட்டியிருக்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை என்றால் மிஷன்களில் இருக்கிறது. மிஷனுக்கு வெளியே மலையிலிருந்து குதிக்கலாம், ரயிலைக் கடத்தலாம். மிஷனுக்குள் போனால், வாசல் வழியாகச் சுட்டுக்கொண்டு போ என்றால் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இன்று மாலை ஒன்றில், பின்பக்கச் சரிவு வழியாகப் பதுங்கிப் போனால் சுலபம் என்று பட்டது. இருபது அடி போனதும் திரை நின்றுவிட்டது: கூட்டாளியை விட்டுவிட்டுப் போய்விட்டாயாம், மிஷன் தோல்வி. இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டியவர்களுக்குப் பின்வாசலை மட்டும் திறக்க மனசு வரவில்லை.

பத்தாம் நாள்

கிழக்கே இரண்டு நாள் பயணம். ரோட்ஸ் வழியாகச் செயின்ட் டெனிஸ்.

ரோட்ஸ் பக்கம் மண் சிவப்பு. வெள்ளையின் கால்கள் முழங்கால்வரை செம்மண் பூசிக்கொண்டன. ஓடையில் இறங்கினால் மெல்லக் கரைந்து போகிறது. ஊருக்குள் ஒரு ஆள் "கேவின்! கேவின்!" என்று கூவிக்கொண்டே நடந்துகொண்டிருந்தான். நண்பன் கேவினைத் தொலைத்துவிட்டானாம், பார்த்தீர்களா என்று கேட்கிறான். பார்க்கவில்லை என்று சொல்வதைத் தவிர நம்மால் ஆவது ஒன்றுமில்லை. இதை மிஷன் என்று நினைத்துக் கேவினைத் தேடி அலைந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. கேவின் கிடைக்கமாட்டான். ஆட்டத்தின் பின்னுரை 1907-ல் நடக்கிறது. அப்போதும் இந்த ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பான். குதிரையை நிறுத்தி அவனோடு ஒரு தெரு நீளத்துக்கு நடந்தேன்.

செயின்ட் டெனிஸ், நியூ ஆர்லியன்ஸை மனதில் வைத்துக் கட்டிய ஊர். டிராம் ஓடுகிறது, ஆலைப் புகைபோக்கிகள் இருக்கின்றன. சதுப்புநிலத்தைத் தாண்டி வந்தவனுக்கு முதலில் தெரிவது ஊரின் மேல் தொங்கும் புகைதான். நுழைந்த ஐந்தாவது நிமிடம் ஒரு திருப்பத்தில் வெள்ளை ஒருவர்மேல் மோதிவிட்டது. விசில் சத்தம். ஓட்டம். தலைக்கு ஐந்து டாலர். தபால் நிலையத்தில் போய் நானே அபராதத்தைக் கட்டிவிட்டு, குதிரையைக் கம்பத்தில் கட்டி, நடந்தேன்.

நடந்ததுதான் தப்பாகப் போயிற்று. ஒரு தெருமுனையில் கால் தானாக நின்றது. இந்த ஊரின் ஒரு தெருவில்தான் ஆர்தர் இருமிக்கொண்டே சுருண்டு விழுவான். வழிப்போக்கர் ஒருவர் தாங்கிப்பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோவார். மருத்துவர் சொல்ல வேண்டியதைச் சொல்வார். அதற்கு இன்னும் நான்கு அத்தியாயம் இருக்கிறது. மருத்துவர் வீட்டு வாசல் இப்போதும் இருக்கிறது. டிராம் மணியடித்துக்கொண்டு போயிற்று. ஆர்தர் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். சும்மா நின்றால் அவன் அப்படி ஏதாவது செய்வான்.

முடிதிருத்துபவரிடம் போய்த் தாடியை முழுசாக எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு ஆள் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டான். எடுத்திருக்க வேண்டாம்.

பதினோராம் நாள்

திரும்பும் வழி. மழை. ஹார்ட்லேண்ட்ஸ் சமவெளியில் எருமைகள் நனைந்துகொண்டு நின்றன. வேறொன்றும் இல்லை.

பன்னிரண்டாம் நாள்

வெள்ளை செத்துவிட்டது.

யாரையும் குறை சொல்ல முடியாது. பனியை மறுபடி ஒரு தடவை பார்க்கலாம் என்று வடக்கே போய்விட்டு, கம்பர்லேண்ட் காட்டுப் பக்கமாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். காட்சி அழகாக இருக்கிறதே என்று சினிமாக் கோணத்துக்குக் கேமராவை மாற்றினேன். அப்படி மாற்றினால் குதிரை முன்னால் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. வேகத்தையும் குறைக்கவில்லை. பாறை இடறி, இரண்டு பேரும் உருண்டு, ஒரு விளிம்பைத் தாண்டி விழுந்தோம். ஆர்தர் எழுந்தான். அது எழவில்லை. பக்கவாட்டில் கிடந்து, கழுத்தை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது.

குதிரையைப் பிழைக்கவைக்க ஒரு மருந்து உண்டு. எல்லோரும் பையில் ஒன்று வைத்திருப்பார்கள். நான் பையைத் திறந்து இரண்டு தடவை முழுக்கத் தேடினேன். கேரட் இருந்தது. தூரிகை இருந்தது. செயின்ட் டெனிஸில் வாங்கிய மீன் தூண்டில் இரை இருந்தது. மருந்து இல்லை. இந்த ஆட்டத்தில் மருந்து இல்லாமல் குதிரை செத்தால் செத்ததுதான். எந்த லாயத்திலும் திரும்பக் கிடைக்காது.

ஆட்டத்தை இடையில் பதிந்துவைக்கும் சேவ் திரையைத் திறந்தேன். காலையில் முகாமில் நானே போட்டுவைத்த சேவ் இருந்தது. அதை ஏற்றினால் வெள்ளை கம்பத்தில் கட்டியபடி நிற்கும். கர்சர் அதன்மேல் இருந்தது. ஒரு அழுத்து.

கொஞ்ச நேரம் யோசித்தேன். வெள்ளைக்கு இந்த வழி இருக்கிறது. டவுன்ஸ் வீட்டுக்குப் போய்வந்த ஆர்தருக்கு எந்தப் பழைய சேவ்-ஐ ஏற்றினாலும், அவன் நிற்பது அந்த வீட்டுக்கு முந்தின இடத்தில்தான். அங்கிருந்து வழி மறுபடி அந்த வீட்டுக்கே போகிறது. பன்னிரண்டு நாளாக நான் செய்ததும் அதுதானே. சேவ் ஏற்றாமலே ஏற்றிக்கொண்டிருந்தேன்.

திரையை மூடிவிட்டேன். சேணத்தைக் கழற்றி ஆர்தரின் தோளில் ஏற்றினேன். அதோடு ஆட்டத்தை அணைத்துவிட்டு, படுக்கப் போய்விட்டேன். தூக்கம் சரியாக வரவில்லை. ஒரு கேம் குதிரைக்காக என்று சொன்னால் சிரிப்பார்கள்.

பதின்மூன்றாம் நாள்

புதுக் குதிரை வேண்டுமானால் வாலன்டைன் லாயத்துக்குப் போக வேண்டும். தோளில் சேணம், கீழே சரிவு, எங்கும் பைன் மரங்கள்.

நடந்து பார்த்தால்தான் தெரிகிறது, குதிரைமேல் போனவன் எதையும் பார்க்கவில்லை என்று. கிட்டத்தட்ட இருநூறு வகை உயிரினங்களை இந்த ஆட்டத்தில் விட்டிருக்கிறார்கள். இதுவரை எனக்குத் தெரிந்தது மான், ஓநாய், கரடி. இன்று, விழுந்த மரம் ஒன்றின் கீழ் ஒரு நரி எலியைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தேன். கழுகு ஒன்று ஆற்றிலிருந்து மீனோடு எழும்பியது. இதெல்லாம் எனக்காக நடந்ததா, நான் இல்லாவிட்டாலும் நடக்குமா என்று யோசித்தேன். நிரல் எழுதியவர்களைக் கேட்டால், நான் பார்க்கும் வட்டத்துக்குள் மட்டும்தான் எதுவும் நடக்கும் என்பார்கள். நரியைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

எதிரே வண்டியோட்டி வந்தவனுக்கு வணக்கம் சொன்னேன். சேணத்தைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போனான்.

மதியத்துக்கு மேல் சரிவு தணிந்தது. பாதை பிடித்து நடந்தேன். மினிமேப் இருந்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். இல்லாததால், மரங்கள் விலகிய இடத்தில் வேலி வந்த பிறகுதான் எங்கே வந்திருக்கிறேன் என்று உறைத்தது. சின்ன வீடு. பக்கத்தில் காய்கறிப் பாத்தி. வேலிக்கு உள்ளே ஒல்லியாக ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

அவரை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். வாலன்டைன் மதுக்கடை வாசலில், சேற்றில் ஆர்தர் ஒரு முரடனைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, கூட்டமே வேடிக்கை பார்க்க, ஒரே ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்து, போதும் விட்டுவிடு என்று கெஞ்சினார். இந்த டவுன்ஸ்தான் அது. முதல் தடவை ஆடியபோது இரண்டு முகமும் ஒன்று என்பதையே நான் கவனிக்கவில்லை.

வேலிக்கு வெளியே நின்றேன். லாயத்துக்கு இந்தப் பாதையிலேயே நேராகப் போய்விடலாம், அதிக தூரமில்லை. புதுக் குதிரை வாங்கலாம். தெற்கே இன்னும் பார்க்காத ஆறு ஒன்று இருக்கிறது. வடகிழக்கே அன்னஸ்பர்க் என்ற சுரங்க ஊரை இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. பாரதி ஏரிக்கரையில் இருக்கிறார்.

ஆர்தர் எடையை மாற்றிக்கொண்டு நின்றான். தாடி மறுபடி அரும்பியிருந்தது. பாத்தியில் இருந்தவர் நிமிர்ந்து, வாயில் துணியை வைத்து இருமினார். இருமிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மரத்தின் நிழல் வேலியைத் தாண்டி அவர் பக்கம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். இங்கே நான்கு நிமிடம்.

சேணத்தை வேலியோரம் இறக்கி வைத்தேன். நடந்தேன். திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வந்தன. கன்ட்ரோலர் என் கையில் வேலை செய்யவில்லை.